மீன் யாருக்காகச் செத்தது?

ஓசூரில் புதிதாகக் குடிபோகும் வீடுகள் பலவற்றில் வாசலைப் பார்த்தபடி ஒரு கண்ணாடித் தொட்டி வைக்கிறார்கள். உள்ளே நெற்றி புடைத்த ஒற்றை மீன். ஃபிளவர்ஹார்ன் என்று பெயர், வாஸ்து மீன் என்று விற்பனை. சில மாதம் கழித்து ஒரு காலையில் அது வயிற்றைக் காட்டி மிதக்கிறது. வீட்டில் யாரும் பதறுவதில்லை. "நம்ம வீட்டுக்கு வர இருந்த கெடுதலை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு" என்று பெரியவர் ஒருவர் சொல்கிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது மீன் வருகிறது.

அந்தச் செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தவர் யாராவது உண்டா? மீன் தன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விடுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீவனமும் அழுகி அம்மோனியாவாகிறது. அதைத் தின்று, முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஒரு புதுத் தொட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பொறுக்காமல் மீனை விட்டால், தண்ணீரை மாற்றாமல் கிள்ளிக் கிள்ளித் தீவனம் போட்டால், செவுள் வெந்துபோகிறது. மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பாரு, நம்மகிட்ட பேசுது" என்று குழந்தைக்குக் காட்டுவார்கள். அது மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபிளவர்ஹார்ன் என்ற மீன் இயற்கையில் கிடையாது. 1990களில் மலேசியாவிலும் தைவானிலும் பண்ணைக்காரர்கள் பல வகை மீன்களைக் கலந்து உண்டாக்கியது. பிறந்து நாற்பது ஆண்டுகூட ஆகாத ஓர் உயிரைப் பற்றி எந்தப் பழைய வாஸ்து நூல் என்ன சொல்லியிருக்க முடியும்? கடைக்காரர் சொன்னார், நீங்கள் நம்பினீர்கள். படித்தவர், பொறியாளர், மாதக் கடைசியில் பத்து பைசா பிசகாமல் கணக்குப் பார்க்கிறவர், இதை மட்டும் ஏன் கேள்வி கேட்காமல் நம்பினீர்கள்?

ஏனென்றால் அந்த நம்பிக்கை வசதியானது. தண்ணீரை மாற்றாதவர் உயிரைக் கொன்ற பழியிலிருந்து தப்பிக்கிறார். மீன் தியாகி ஆகிறது, கொன்றவர் காப்பாற்றப்பட்டவர் ஆகிறார், தொட்டியில் இருந்த நஞ்சைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. மூடநம்பிக்கையைப் பாவம், அறியாமை என்று பரிதாபமாகப் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தெரிந்தவர்கள் தப்பித்துக்கொள்ளப் பயன்படுத்தும்போது அது அறியாமை ஆகாது. அது பொறுப்பைக் கைகழுவும் வேலை.

இதே ஊரில் இன்னொரு வகை மீன் தொட்டியும் உண்டு. எண்ணிக்கையில் குறைவு, செலவில் மிக அதிகம். ரீஃப் டேங்க் என்பார்கள். கடல் தண்ணீரும் பவளமும் கோமாளி மீனுமாக, கடலின் ஒரு துண்டையே வீட்டுக்குள் வைப்பது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலை வழியாகப் போனால் சென்னைக் கடலே சுமார் 300 கிலோமீட்டர். இங்கே ஒருவர் பவளத்தை உயிரோடு வைத்திருக்கிறார் என்றால், அவர் என்ன பாடுபடுகிறார் என்று பாருங்கள்.

போர் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது. ஆர்ஓவில் வடிகட்டி, அதற்கும் மேல் ஒரு வடிகட்டியில் விட்டு, கரைந்த உப்பின் அளவு பூஜ்ஜியம் என்று மீட்டர் காட்டிய பிறகுதான் அதில் கடலுப்புக் கலவையைக் கரைக்கிறார். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. தொட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே தினமும் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரை ஈடுகட்ட வேண்டும். இரண்டு நாள் மறந்தால் உவர்ப்பு ஏறிவிடும். வெப்பம் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். குளிருக்குச் சன்னல்களை மூடி வைத்தால் வீட்டிலுள்ளவர்கள் விடும் மூச்சுக்காற்றிலேயே தண்ணீரின் பிஎச் இறங்குகிறது. சன்னலைத் திறந்தால் ஏறுகிறது. தன் மூச்சு ஒரு பவளத்தைத் தொடுகிறது என்பதை அவர் எண்ணில் பார்க்கிறார்.

பவளம் என்பது கல் அல்ல, கல்லுக்குள் வாழும் உயிர். தண்ணீரிலிருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் உறிஞ்சித் தன் எலும்புக்கூட்டைத் தானே கட்டுகிறது. நம் வீட்டுச் சுவரில் அடிக்கிற சுண்ணாம்பின் மூலப்பொருளும் இதே கால்சியம் கார்பனேட்தான். பவளம் வளர வளரத் தண்ணீரில் அந்தச் சத்துக் குறையும். கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவிலும், மக்னீசியம் 1,300 அளவிலும் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காரத்தன்மை. கடலில் அது ஏறக்குறைய 7 டிகேஎச். தொட்டியில் 8 வைக்கலாம், 9 வைக்கலாம். ஒரே நாளில் 7இலிருந்து 10க்குத் தாவினால் பவளத்தின் நுனி வெளுத்து, தசை உரிந்து, வெறும் எலும்பு தெரியும். எந்த எண்ணில் வைக்கிறீர்கள் என்பதைவிட அதே எண்ணில் வைத்திருக்கிறீர்களா என்பதுதான் பவளத்துக்கு உயிர்ப் பிரச்சினை.

அவர் காரத்தன்மையைச் சோதிப்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். சின்னக் கண்ணாடிக் குப்பியில் 5 மில்லி தொட்டித் தண்ணீர். ஒரு சொட்டு மருந்து விழுந்ததும் நீலமாகிறது. அடுத்த சொட்டு, குலுக்கல். அடுத்த சொட்டு, குலுக்கல். ஏழாவது சொட்டிலும் நீலம். எட்டாவதில் விளிம்பில் ஒரு பச்சை ஓடி, சட்டென்று மஞ்சள். எட்டு. குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதுகிறார். போன வாரம் ஒன்பது. அந்த ஒன்று எங்கே போனது? பவளம் தின்றது. எவ்வளவு ஈடுகட்ட வேண்டும்? கணக்குப் போட்டு, சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக இரவில் விடுகிறார்.

இதில் எங்கே விதி வந்தது? எங்கே கண் திருஷ்டி வந்தது? பவளம் வெளுத்தால் அவர் ஜாதகத்தை எடுப்பதில்லை, குறிப்பேட்டை எடுக்கிறார். எந்த எண் மாறியது, எப்போது மாறியது, நான் என்ன செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன்? கண்ணாடிப் பெட்டியைக் கட்டியவர் அவர், உயிரை உள்ளே போட்டவர் அவர். ஆகவே அதற்குள் நடப்பது எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. இதை அவருக்கு எந்த மதமும் போதிக்கவில்லை.

கடவுள் பயம் போனால் மனிதன் அயோக்கியன் ஆகிவிடுவான் என்று மேடைதோறும் பேசுகிறவர்களைக் கேட்கிறேன். இந்த மனிதரை என்ன செய்வீர்கள்? அந்தப் பவளம் அவரைக் கும்பிடாது, நன்றி சொல்லாது, அவர் வந்தால் வாலைக்கூட ஆட்டாது. அதற்குச் சோறு போட்டால் மறுமையில் இடம் உண்டு என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பியவர், சட்டையைக் கழற்றும் முன் வெப்பமானியைப் பார்க்கிறார். ஓர் உயிர் தன்னை நம்பித் தன் கைக்குள் இருக்கிறது, அது வலியில்லாமல் வாழ வேண்டும் என்ற நினைப்பு மட்டும் போதுமானதாக இருக்கிறது. ஒழுக்கத்துக்கு இதைவிட உறுதியான அடித்தளம் எது?

அதனால்தான் அவரிடம் கணக்குக் கேட்க எனக்குத் துணிச்சல் வருகிறது. வாஸ்து மீன்காரரிடம் முதலில் அடிப்படையைப் பேச வேண்டும். இவருக்கோ எல்லாம் தெரியும். தெரிந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: அந்தப் பவளம் எங்கிருந்து வந்தது?

பவளப்பாறையைக் கட்டுகிற கடினப் பவளங்கள் அத்தனையும் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கறுப்புப் பவளமும், கடல் விசிறியும் அப்படியே. புலியைப் போல அவையும் பாதுகாக்கப்பட்டவை. நம் கடலிலிருந்து ஒரு கிளையை உடைத்து எடுத்து விற்றாலும் வாங்கினாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் அதற்கு உரிய அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். உங்களுக்கு விற்றவர் அதைக் காட்டினாரா? நீங்கள் கேட்டீர்களா? டெஸ்ட் கிட்டின் காலாவதித் தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர், பவளத்தின் ஆவணத்தை மட்டும் ஏன் கேட்கவில்லை?

மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி வெட்டிக் கரை சேர்த்தோம். வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே அரிதான பாறைகள் படகு படகாக வந்தன. அங்கே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. அலையைத் தடுத்து நின்ற பாறையை வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தேசியப் பூங்கா என்று 1986இல் அறிவித்த பிறகும் வெட்டு உடனே நிற்கவில்லை. பிறகு கடலே சூடானது. 2010இலும் 2016இலும் அங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. தொழில்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த உலகக் கடல்களின் சராசரி பிஎச் இப்போது ஏறக்குறைய 8.1. சின்ன வித்தியாசம் என்று மற்றவர்கள் சொல்லலாம். ரீஃப் டேங்க் வைத்திருப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் இறங்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் செவ்வாய் தோஷம் போக விரலில் பவள மோதிரம் போடுகிறவர்களையும் கேட்டுவிடுகிறேன். அந்தச் சிவப்பு, மத்தியதரைக் கடல் போன்ற கடல்களில் மெள்ள மெள்ள வளர்ந்த ஓர் உயிரின் எலும்பு. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றுகிற ஒரு கிரகத்தைச் சமாதானப்படுத்த இங்கே ஒரு விலங்கின் எலும்பை அணிவதில் என்ன நியாயம்? உங்கள் பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போவதற்குச் செவ்வாயா காரணம், வரதட்சணையும் சாதியுமா?

இரண்டாவது கேள்வி பெரியது. அதற்கு நுரையைப் பற்றிப் பேச வேண்டும்.

ரீஃப் டேங்கில் ஸ்கிம்மர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு குழாய்க்குள் மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளை ஓட விடும். மீனின் கழிவு, தீவனத்தின் எச்சம், பவளத்தின் கோழை ஆகியவற்றில் உள்ள மூலக்கூறுகள் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், இன்னொரு முனை தண்ணீரை விட்டு விலகும். விலகுகிற முனை குமிழியின் தோலில் போய் ஒட்டிக்கொள்கிறது. குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நுரையாகி, மேலே உள்ள கோப்பையில் வடிகின்றன. காலையில் பார்த்தால் பழுப்பு நிறத்தில், நாற்றமெடுக்கும் கரைசல். தொட்டிக்காரர் அதைப் பார்த்துத் தண்ணீரின் நிலையைச் சொல்லிவிடுவார். நேற்று தீவனம் அதிகம், ஏதோ ஒரு நத்தை செத்திருக்கிறது, கோப்பையைக் கழுவ வேண்டும். அவருக்கு நுரை என்பது சாட்சியம்.

இன்னொரு நுட்பமும் அவருக்குத் தெரியும். ஸ்கிம்மர் கடல் தண்ணீரில்தான் ஒழுங்காக வேலை செய்யும். உப்பில்லாத நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும், நுரை நிற்காது. நன்னீரில் நுரை நிற்க வேண்டுமானால் அதில் சோப்பும் கழிவும் அந்த அளவுக்கு மண்டியிருக்க வேண்டும்.

இப்போது ஓசூருக்குப் பக்கத்திலுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு வாருங்கள். முழு நீர்மட்டம் 44.28 அடி. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து முதலில் தேங்குகிற இடம். மேலே பெங்களூருவில் பெருமழை பெய்து, இங்கே மதகைத் திறந்தால், தண்ணீர் விழுகிற வேகத்தில் வெள்ளை வெள்ளையாக நுரை எழும்புகிறது. ஆளுயரத்துக்கு எழும்புகிறது. காற்றடித்தால் பறந்துபோய் வயலில் காய்கறிச் செடிமேல் உட்கார்கிறது. தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தை நிறுத்துகிறது. நன்னீர் ஆற்றில்! அந்த ஆறே ஒரு ஸ்கிம்மராகிவிட்டது. வீட்டு ஸ்கிம்மருக்குக் கோப்பை இருக்கிறது, ஆற்றுக்கு வயல்தான் இருக்கிறது.

வார இறுதியில் இந்த நுரைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். பனி மாதிரி இருக்கிறதாம். வீட்டுக் கோப்பையில் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவி ஊற்றுகிற பொருள், அணையில் வந்தால் வேடிக்கை ஆகிவிடுமா? அதே தண்ணீர்தான் இடது, வலது கால்வாய் வழியாக 8,000 ஏக்கர் ஆயக்கட்டுக்குப் போகிறது. நாற்று நடுகிற பெண்கள் முட்டிவரை அதில்தான் நிற்கிறார்கள். கால் அரிக்கிறது என்று சொல்கிறார்கள். களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு மறுநாளும் இறங்குகிறார்கள், கூலி வேண்டுமே. உங்கள் பவளத்துக்கு ஒரு நாள்கூட அனுமதிக்க மாட்டீர்கள் என்ற தண்ணீரில் ஒரு மனுஷி பருவம் முழுவதும் நிற்கிறாள். அவளுடைய தோலுக்கு யார் குறிப்பேடு வைத்திருக்கிறார்கள்?

"அது கர்நாடகத்துக்காரன் விடுற கழிவு சார்." தெரியும். பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேரும் சாக்கடை வழிந்து தென்பெண்ணையில்தான் கலக்கிறது. 2018 ஜனவரியில் பெல்லந்தூர் ஏரியே பற்றி எரிந்து, அணைக்க ராணுவ வீரர்கள் வர வேண்டியிருந்தது. மேலே இருப்பவர்களின் குற்றம் பெரியது, சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நீங்கள் உட்கார்ந்துவிடுகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிற தண்ணீர் கெட்டுப்போனால், "குழாய்க்காரன் தப்பு" என்று சொல்லிவிட்டுப் பவளத்தைச் சாக விடுவீர்களா? சோதிப்பீர்கள், வடிகட்டுவீர்கள், விற்றவனைப் பிடித்துக் கேட்பீர்கள்.

அப்புறம், யார் அந்தக் கர்நாடகத்துக்காரன்? தினமும் காலையில் ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாகப் பொம்மசந்திராவுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஓசூரில் எத்தனை பேர்? பெங்களூரு அடுக்குமாடிகளில் குடியிருக்கும் உங்கள் அண்ணன், மச்சான், பள்ளித் தோழன் எத்தனை பேர்? அவர்கள் வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது? சம்பளம் வரும்போது மாநில எல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை. சாக்கடை வரும்போது மட்டும் கோடு பளிச்சென்று தெரிகிறது. சரி, ஓசூரிலேயே குடியிருக்கிறவரைக் கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது? செப்டிக் டேங்க் லாரி எங்கே கொட்டுகிறது? தெரியாது என்றால், கீழே காவேரிப்பட்டணத்தில் இருப்பவருக்கு நீங்கள்தான் கர்நாடகத்துக்காரர்.

இந்த மாவட்டத்தில் எண்ணைப் பற்றிப் பேசும்போது ஃபுளோரைடை விட்டுவிட முடியாது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பாறையில் ஃபுளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப்போகத் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, பல் உருவாகும் வயதிலேயே எனாமல் கெட்டுப்போகிறது. முளைத்து வரும்போதே பல்லில் பழுப்புப் பட்டை. தேய்த்தால் போகாது. இன்னும் கடுமையான இடங்களில் வருடங்கள் போகப்போக எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. ஊரில் என்ன சொன்னார்கள்? "எங்க வம்சத்துக்கே இப்படித்தான் பல்லு." வாய் திறந்து சிரிக்கக் கூச்சப்பட்டுக் கையால் மூடிக்கொள்கிற பெண்ணைத் தேடி வந்தவர்கள், பல்லைப் பார்த்து எழுந்து போனார்கள். அதற்கும் தலையெழுத்து என்றார்கள். தலையில் எதுவும் எழுதவில்லை. தண்ணீரில்தான் இருந்தது, அளந்தால் தெரிந்திருக்கும்.

யாரோ அளந்தார்கள் என்பதால்தான் மாற்றம் வந்தது. ஏறக்குறைய 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் மேடேறி இந்த வறண்ட ஊர்களுக்கு வந்தது. பரிகாரத்தால் வந்ததா? பல்லில் இருந்த கறையை வேதியியலோடு சேர்த்துப் படித்த மருத்துவர்களும், போராடிய மக்களும், குழாய் பதித்த தொழிலாளர்களும் கொண்டுவந்த தண்ணீர் அது. அந்தக் குழாயில் தண்ணீர் வராத நாளில் இன்னமும் பழைய போரைத் திறக்கிற கிராமங்கள் இருக்கின்றன. உங்கள் ஆர்ஓ எந்திரம் ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீருக்கு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறதே, அதைப் பிடித்து வீடு கழுவவோ கழிவறைக்கோ வைத்துக்கொள்கிறீர்களா?

ஓசூர் அளக்கத் தெரியாத ஊர் அல்ல. கைக்கடிகாரத்தின் பல்சக்கரமும், மோட்டார் சைக்கிளின் பிஸ்டனும், லாரியின் எஞ்சினும் செய்கிற ஊர். இங்கே ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் தரத்துக்கான டெமிங் பரிசை 2002இலேயே வாங்கியது. மைக்ரான் கணக்கில் தப்பு வந்தால் லைனை நிறுத்திவிட்டு ஒய்-ஒய் அனாலிசிஸ் போடுகிறீர்கள். ஏன் கீறல் விழுந்தது? கருவி தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? மாற்றும் தேதி தாண்டிவிட்டது. ஏன் தாண்டியது? பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. ஐந்து முறை ஏன் கேட்டால் ஒரு மனிதரின் பெயர், ஒரு வேலையின் பெயர் வந்து நிற்கும். ஷாப் ஃப்ளோரில் அதுதான் சட்டம். வாசலைத் தாண்டியதும் அந்தச் சட்டம் எங்கே போகிறது? தொழிலாளியின் விரல் பிரஸ்ஸில் போனால் எந்திரத்தின் முன் பூசணிக்காய் உடைக்கிறோம். பாதுகாப்பு வேலியின் சென்சாரை யார் கழற்றி வைத்தது என்று கேட்க வேண்டிய இடத்தில் எலுமிச்சம்பழம் உருள்கிறது. பிஸ்டனுக்குக் கிடைக்கிற ஐந்து ஏன்கள் விரலுக்குக் கிடைக்க வேண்டாமா? ஆற்றுக்குக் கிடைக்க வேண்டாமா?

"நான் ஒருத்தன் என்ன சார் பண்ண முடியும்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒரு படுக்கையறை மூலையில் கடலின் வேதியியலையே நிறுத்திவைத்த மனிதர் கேட்கிற கேள்வியா இது? நீங்கள் தனியாக ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையைச் செய்யச் சொல்கிறேன்: எண்ணைக் கேளுங்கள்.

1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, 6ஆம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆற்றிலோ ஏரியிலோ கழிவை விட அனுமதி வாங்கிய ஒவ்வொருவருக்கும் என்ன நிபந்தனை போடப்பட்டது என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தக் கழிவால் பாதிக்கப்படுகிறவரும் அதில் அக்கறை உள்ளவரும் அலுவல் நேரத்தில் போய் அதைப் பார்க்கலாம். பொறியியல் பட்டம் வேண்டாம், வக்கீல் வேண்டாம். அதே சட்டம் கர்நாடக வாரியத்தையும் கட்டுப்படுத்துகிறது. கெலவரப்பள்ளிப் பாசனத்தில் கேழ்வரகு விளைவிக்கிற விவசாயி, பெங்களூரு அலுவலகத்தில் போய் நின்று கேட்க உரிமை உள்ளவர். நீ எந்த மாநிலத்தில் ஓட்டுப் போடுகிறாய் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. அவருக்குக் கன்னடம் தெரியாவிட்டால் உங்களுக்குத் தெரியுமே. எலக்ட்ரானிக் சிட்டியில் தினமும் பேசுகிறீர்களே. ஒரு நாள் விடுப்புப் போட்டு அவரோடு போக உங்களால் முடியாதா?

தமிழ்நாட்டு வாரியத்துக்கு ஓசூரிலேயே அலுவலகம் இருக்கிறது. பதிவேட்டைக் காட்டத் தயங்கினால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பம் எழுதுங்கள். அதற்கும் பிடிகொடுக்காவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. போகும்போது உங்கள் குறிப்பேட்டைக் கொண்டுபோங்கள். தேதி, நேரம், இடம், அளந்த எண் என்று வரிசையாக எழுதுகிற பழக்கம் உள்ளவர் மனுக் கொடுத்தால், "ஆறு கெட்டுப்போச்சு ஐயா" என்று வெறும் கையோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவதுபோல் அனுப்ப முடியாது.

மனுவில் மூன்றை மட்டும் கேளுங்கள். இந்தக் கழிவு வாய்க்காலில் கடைசியாக மாதிரி எடுத்த தேதி எது? அதில் வந்த எண் என்ன? அனுமதித்த எண் என்ன? பதிலைக் கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள்.